சண்டையைத் தொடங்க யாரைக் கேட்க வேண்டும்?

சிப்புட்வாசி எழுதியது:

ஒட்டுக்கடையில் தொடங்கிய வாய்ச்சண்டை அங்கே முடியவில்லை, அதனால் இங்கே கொண்டுவருகிறேன். 2025 ஜூனில் அமெரிக்க விமானங்கள் ஈரானுக்குள் புகுந்து ஃபோர்டோ, நத்தான்ஸ், இஸ்ஃபஹான் என்று மூன்று இடங்களில் குண்டு போட்டனவே, அந்தப் பேச்சு வந்தது. அங்கே நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அதிபர் போருக்குப் போகக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்றேன். பக்கத்து மேசைப் பெரியவர், "சட்டம் இருந்தா அப்புறம் எப்படிப்பா போட்டான்?" என்று கேட்டுவிட்டுத் தன் தே தாரேவுக்குத் திரும்பிவிட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இரண்டு கேள்வி. அந்தச் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? அடுத்தது, எனக்கு இதுதான் முக்கியம்: நம் மலேசியாவில் அப்படி ஒரு நிலை வந்தால் முடிவு யார் கையில்? பிரதமரா, மாமன்னரா, மக்களவையின் 222 பேருமா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம்.

வழக்குமன்றம் எழுதியது:

அண்ணே, முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். ஈப்போவில் நிலப்பட்டாவும் விவாகரத்தும் பார்க்கிற வக்கீல்தான் நான், ஆனால் கல்லூரியில் மனசுக்குப் பிடித்த பாடம் இதுதான்.

அமெரிக்க அரசமைப்பு இந்த அதிகாரத்தை வேண்டுமென்றே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. போர் அறிவிப்பது காங்கிரஸ், அதாவது கீழவையும் செனட்டும் சேர்ந்த அந்த நாட்டு நாடாளுமன்றம். படைகளுக்குத் தலைமைத் தளபதி அதிபர். எதிரி திடீரென்று வந்து அடித்தால் அதிபர் யாரையும் கேட்காமல் திருப்பி அடிக்கலாம்; தானாகப் போய் ஒரு போரைத் தொடங்குவதென்றால் காங்கிரஸ் வேண்டும். 1787-இல் எழுதியவர்கள் நினைத்தது இதுதான். நடப்பு வேறு. காங்கிரஸ் முறைப்படி போர் அறிவித்தது கடைசியாக 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. கொரியா, வியட்நாம், ஆப்கானிஸ்தான், ஈராக் எதற்கும் போர் அறிவிப்பே கிடையாது. 1950-இல் ட்ரூமன் கொரியாவுக்குப் படை அனுப்பியபோது வாக்கெடுப்புகூட நடக்கவில்லை. அதைக் காவல் நடவடிக்கை என்று சொல்லிக்கொண்டார்கள்.

வியட்நாமில் பட்ட பிறகுதான் புத்தி வந்தது. 1973-இல் போர் அதிகாரத் தீர்மானம் என்ற சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதிபர் நிக்சன் வீட்டோ போட்டார், அதாவது கையெழுத்துப் போட மறுத்துத் தடுத்தார். கீழவையில் 284-135, செனட்டில் 75-18 என்று வாக்களித்து, அந்த வீட்டோவை நவம்பர் 7 அன்று முறியடித்தார்கள். படையைச் சண்டைக்குள் இறக்கினால் 48 மணி நேரத்துக்குள் காங்கிரஸுக்கு எழுத்தில் அறிக்கை. 60 நாளுக்குள் காங்கிரஸ் அனுமதி தராவிட்டால் வெளியேற வேண்டும். படையைப் பத்திரமாக வெளியே எடுக்க இன்னொரு 30 நாள்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 60 நாள். காங்கிரஸ் எதுவும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்கூடப் போர் நின்றுவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். போரைத் தொடர விரும்புகிறவர்தான் ஓடியாடி வாக்குச் சேர்க்க வேண்டும். நல்ல யோசனை. ஆனால் அது நிலைக்கவில்லை. படையைத் திரும்ப அழைக்க இரு அவைத் தீர்மானமே போதும், அதிபரின் கையெழுத்து வேண்டாம் என்று இன்னொரு விதி அதே சட்டத்தில் இருந்தது. 1983-இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், ஒரு குடிநுழைவு வழக்கில், அந்த மாதிரித் தீர்மானங்களுக்குச் சட்ட வலு கிடையாது என்று சொல்லிவிட்டது. இப்போது தடுக்க வேண்டுமானால் அதிபர் மேசைக்குப் போகிற தீர்மானமாகத்தான் நிறைவேற்ற வேண்டும். அவர் வீட்டோ போடுவார். அதை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு. 2019-இல் ஏமன் தொடர்பாகவும் 2020-இல் ஈரான் தொடர்பாகவும் இரு அவைகளிலும் தீர்மானம் நிறைவேறியது, இரண்டுக்கும் வீட்டோ. 2025-இல் அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை, ஜூன் 27 அன்று செனட்டிலேயே 47-53 என்று தோற்றது.

லயத்துப்பையன் எழுதியது:

அப்போ முதல் 60 நாள் அதிபருக்கு இலவசமா அக்கா?

வழக்குமன்றம் எழுதியது:

சட்டத்தின் எழுத்தில் இல்லை தம்பி. போர் அறிவிப்பு, காங்கிரஸின் தனி அனுமதி, அமெரிக்கா மீதோ அதன் படை மீதோ தாக்குதல் என்ற மூன்று நிலையில்தான் அதிபர் படையை இறக்கலாம் என்று தொடக்கத்திலேயே இருக்கிறது. நடைமுறையில் இலவசம் மாதிரிதான் ஆகிவிட்டது. ஒரே இரவில் குண்டு போட்டுவிட்டுத் திரும்புகிறவருக்கு 60 நாள் கெடு என்ன செய்யும்?

இன்னும் மோசம் 1999. கொசோவோ விவகாரத்தில் யுகோஸ்லாவியா மீது 78 நாள் குண்டு விழுந்தது. அந்த வான்தாக்குதலுக்கு ஒப்புதல் தரும் தீர்மானம் கீழவையில் 213-213. சமன் என்றால் தோல்வி. ஆனாலும் குண்டு நிற்கவில்லை. உறுப்பினர் சிலர் கிளிண்டன் மேல் வழக்குப் போட்டார்கள். வழக்குப் போட உங்களுக்கு உரிமையில்லை என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2011-இல் லிபியாவில் 60 நாள் தாண்டியபோது, சட்டம் சொல்கிற அர்த்தத்தில் இது சண்டையே இல்லை, எங்கள் வீரர்கள் தரையில் இல்லை என்று ஒபாமா அரசு வாதாடியது. சட்டம் படித்த பேராசிரியர்களை வைத்தே வாதாடினார்கள், அதுதான் வேடிக்கை.

செம்பனை எழுதியது:

எல்லாம் நன்றாக எழுதுகிறீர்கள். நான் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவன், மறுபக்கம் கொஞ்சம் சொல்கிறேன்.

2013 பிப்ரவரியில் சபாவில் லஹாட் டத்துவுக்குப் பக்கத்தில் தண்டுவோ கிராமத்தில் ஆயுதக் கும்பல் வந்து இறங்கியது. நம் போலீஸ்காரர்கள் செத்தார்கள். மார்ச் 5 காலையில் விமானம் போய்க் குண்டு போட்டது, பின்னாலேயே தரைப்படை உள்ளே போனது. அதற்கு முந்தைய ராத்திரி 222 பேரைக் கோலாலம்பூருக்கு அழைத்து, ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசவிட்டு, வாக்கெடுப்பு நடத்தியிருக்கலாம் என்கிறீர்களா? எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் போகப் போகிறோம் என்பது அவையில் பேசினால் கும்பலுக்கும் கேட்கும்.

சண்டையில் உத்தரவு ஒரு வாயிலிருந்துதான் வர வேண்டும். இது சர்வாதிகாரப் பேச்சு இல்லை, உயிர் பிழைக்கிற வழி.

சிப்புட்வாசி எழுதியது:

அண்ணே, லஹாட் டத்து நம் மண். வந்தவனைத் துரத்த யாரும் அனுமதி கேட்கச் சொல்லவில்லை. வக்கீல் தங்கச்சி எழுதியதிலேயே அது இருக்கிறது. இன்னொருத்தன் வீட்டுக்குப் போவதைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

செம்பனை எழுதியது:

எது தற்காப்பு எது தாக்குதல் என்று யார் சொல்வது? அமெரிக்காவும் எல்லாவற்றையும் தற்காப்பு என்றுதான் சொல்கிறது. 1964-இல் டோன்கின் வளைகுடாவில் எங்கள் கப்பலை அடித்தார்கள் என்று சொல்லித்தானே வியட்நாமுக்குப் போனார்கள். அதற்கு நாடாளுமன்ற ஒப்புதலும் வாங்கித்தானே போனார்கள்? கீழவையில் 416-0, செனட்டில் 88-2. அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. உங்கள் நாடாளுமன்றம் என்ன கிழித்தது?

கித்தாக்காடு எழுதியது:

தம்பி செம்பனை கேட்டது நியாயமான கேள்வி. பதில் பிற்பாடு யாராவது சொல்லட்டும். அதற்குள் நம் ஊர்க் கதை ஒன்று. எல்லாரும் வாஷிங்டனையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், இந்த விவகாரத்துக்கு நம் சுங்கை சிப்புட்டே ஒரு பாடம்.

1948 ஜூன் 16. எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். ஜூலையில் அவசரகால ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, பிரிட்டிஷ் உயர் ஆணையர் நினைத்தபடி விதி போடலாம் என்று ஆனது. அப்போது கூட்டரசுச் சட்டமன்றம் என்று ஒன்று இருந்தது, ஆனால் உள்ளே இருந்தவர்கள் எல்லாம் நியமனம். ஓட்டுப் போட்டு ஆள் அனுப்பியது 1955-இல்தான். கேள்வி கேட்க யார் இருந்தார்கள்?

பன்னிரண்டு வருஷம் நடந்தது. ஆகாயத்திலிருந்து குண்டு, காட்டுக்குள் பட்டாளம், ஐந்து லட்சம் பேரைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் கம்பிவேலிக்குள் புதுக் கிராமங்களில் வைத்தார்கள், பெரும்பாலும் சீனர்கள். போர் என்று மட்டும் சொல்லவில்லை. போர் என்று சொன்னால் லண்டன் காப்புறுதிக் கம்பெனிகள் தோட்ட முதலாளிகளுக்கு நட்டஈடு தராது, அதனால்தான் என்று என் காலத்துக் கிராணிமார், அதாவது என்னைப் போன்ற தோட்டக் கணக்கர்கள், எல்லாருமே சொல்வார்கள்.

நான் பிறந்தது அவசரகாலம் தொடங்குவதற்கு முந்திய வருஷம். நினைவு தெரிந்தபோது எங்கள் லயத்தைச் சுற்றி வேலி, ஒரே வாசல். விடியலில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்து அம்மா ரப்பர்ப் பால் வெட்டப் போவாள். வாசலில் பெண்களைச் சோதிக்கவென்றே ஒரு பெண் நிற்பாள். வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பாள், முந்தானையை உதறச் சொல்வாள். சோறு ஒரு பிடிகூட வேலி தாண்டக் கூடாது, காட்டிலிருக்கிறவனுக்குப் போய்விடுமாம். கடையில் டின் மீன் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார், வாங்கியவன் அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும். வெறும் வயிற்றோடு மதியம் வரை மரம் வெட்டிவிட்டு வந்தவள் அவள். இந்த விதியெல்லாம் எந்த அவையில் விவாதித்துப் போட்டது?

கணபதியையும் சொல்ல வேண்டும். எஸ்.ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர், தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர். துப்பாக்கி வைத்திருந்தார் என்று பிடித்து, அவசரகால விதிப்படி மரண தண்டனை. இந்தியா வரை பேசிப் பார்த்தார்கள். 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கு. அதற்கு முதல் நாள்தான் இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனனைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். காட்டுப்படை நியாயமா இல்லையா என்ற பழைய சண்டைக்குள் நான் வரவில்லை, அதில் தோட்டத்து ஆட்களும்தான் செத்தார்கள். ஆயுதம் வைத்திருந்தாலே சாவு என்ற விதியை ஓர் அலுவலகம் எழுதியது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

வெண்பலகை எழுதியது:

கிராணி ஐயா, இதை என் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டப் போகிறேன், அனுமதி தாருங்கள்.

வரலாற்று ஆசிரியை என்பதால் இன்னொன்று. 1939 செப்டம்பர் 3 அன்று இந்தியா போரில் இருக்கிறது என்று வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். மத்தியச் சட்டமன்றம் இருந்தது, மாகாணங்களில் தேர்ந்தெடுத்த அரசுகள் இருந்தன. ஒருத்தரையும் கேட்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் இந்திய தேசிய காங்கிரஸ் கட்சியின் மாகாண அமைச்சரவைகள் பதவி விலகின. முப்பது கோடிக்கு மேற்பட்டவர்களை ஒரே கையெழுத்து போருக்குள் தள்ளியது. இரண்டு வருஷம் கழித்து, ஜப்பானில் ஒரு மூடிய அறையில் எடுத்த முடிவு கோத்தா பாருவில் வந்து கரையிறங்கியது. அதன் கணக்கைத் தீர்த்தவர்கள் யார்? சயாம்-பர்மா ரயில்பாதை, 415 கிலோமீட்டர். அதைப் போட ஜப்பான்காரர்கள் நம் தோட்டங்களிலிருந்து ஆட்களை ஏற்றிப் போனார்கள். போர்க்கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்கள்தான் அங்கே அதிகம் செத்தார்கள். இந்த ஊரில் பழைய குடும்பம் எதை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், போய்த் திரும்பாத ஒரு பெயர் இருக்கும்.

சுதந்திரம் வந்த பிறகு மாறியதா? 1987 ஜூலை 29 அன்று ராஜீவும் ஜெயவர்த்தனவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள், உடனே இந்தியப் படை யாழ்ப்பாணத்துக்குப் போனது. அக்டோபரில் சண்டை மூண்டது. முன்கூட்டி நாடாளுமன்ற வாக்கெடுப்பு கிடையாது, இந்திய அரசமைப்பு அப்படிக் கேட்கவும் இல்லை. 1990 மார்ச்சில் திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். செத்த தமிழ்ச் சனத்தின் கணக்கு வேறு.

அமெரிக்காவுக்காவது முறிந்துபோன சட்டம் ஒன்று இருக்கிறது.

லயத்துப்பையன் எழுதியது:

சரி, மலேசியாவுக்கு வாங்க. யாருமே இரண்டாவது கேள்வியைத் தொடவில்லை.

வழக்குமன்றம் எழுதியது:

வருகிறேன் தம்பி. நேற்று முழுக்கக் கோர்ட்.

நம் அரசமைப்பில் போர் அறிவிப்பவர் இன்னார் என்று ஒரு விதி தேடினால் கிடைக்காது. 41-ஆம் விதி மாமன்னரை ஆயுதப் படைகளின் தலைமைத் தளபதி என்கிறது. 40-ஆம் விதிப்படி அவர் அமைச்சரவை ஆலோசனையின்படி நடக்க வேண்டும். ஆக, நடைமுறையில் முடிவு அமைச்சரவையுடையது. போரும் சமாதானமும் என்பது ஒன்பதாம் அட்டவணையில், கூட்டரசுப் பட்டியலில், தற்காப்பு என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியாக வருகிறது. மாநிலம் தலையிட முடியாது என்பதுதான் அதன் பொருள். அதே இடத்தில் போர் இடர்க் காப்புறுதியும் இருக்கிறது, கிராணி ஐயாவுக்குப் பிடிக்கும்.

படையை வெளிநாட்டுக்கு அனுப்ப முன்கூட்டி நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும் என்ற கட்டாயம் அரசமைப்பில் இல்லை. பணம் மட்டும் நாடாளுமன்றத்தின் கையில், பட்ஜெட் வழியாக. நம் நாடு வேறு நாட்டின் மேல் போர் தொடுக்கப் போவதில்லை என்பதால், நம்மைப் பொறுத்தவரை உண்மையான கேள்வி 150-ஆம் விதி, அவசரகாலம். ஆபத்து என்று சொல்லித் தலைவர் எடுத்துக்கொள்கிற அதிகாரம் இங்கே அதன் வழியாகத்தான் வரும்.

1957-இல் எழுதியபோது இப்படி இருந்தது: அவசரகாலப் பிரகடனத்தை இரு அவைகளின் முன் வைக்க வேண்டும். இரண்டு மாதத்துக்குள் இரண்டு அவைகளும் ஒப்புதல் தீர்மானம் போடாவிட்டால் அது தானாகவே செத்துவிடும். 1960-இல் திருத்தினார்கள். அந்த வருஷம் ஜூலை 31 அன்றுதான் கிராணி ஐயா சொன்ன பன்னிரண்டு வருஷ அவசரகாலம் முடிந்தது, மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருத்தத்துக்குப் பிறகு: இரண்டு அவைகளும் ரத்துத் தீர்மானம் போட்டால்தான் பிரகடனம் சாகும். போடாவிட்டால் உயிரோடு இருக்கும். காலவரம்பே இல்லை. இதில் மேலவையும் சேர வேண்டும். 70 மேலவை உறுப்பினர்களில் 44 பேர் மாமன்னர் நியமனம், அதாவது அரசாங்க ஆலோசனை.

முன்பு அவை சும்மா இருந்தால் பிரகடனம் சாகும், இப்போது அவை சும்மா இருந்தால் பிரகடனம் வாழும். இந்த ஒரு மாற்றம்தான் எல்லாம். அமெரிக்காவிலும் இதேதான் நடந்தது, அங்கே நீதிமன்றமும் வீட்டோவும் செய்தன, இங்கே நாடாளுமன்றமே தன் கையால் செய்துகொண்டது. 1981-இல் இன்னொரு பூட்டும் விழுந்தது: அவசரகாலம் தேவை என்று மாமன்னர் கொண்ட திருப்தியை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது.

விளைவு கேளுங்கள். 1969 மே 15 அன்று போட்ட பிரகடனம் 2011 கடைசியில்தான் ரத்தானது. 42 வருஷம். 1977-இல் கிளந்தானுக்குப் போட்டதும் அதோடு சேர்த்துத்தான். அந்த 1969 பிரகடனத்தின் கீழ் வந்த பொது ஒழுங்கு அவசரச் சட்டத்தை வைத்து, விசாரணை இல்லாமல் எத்தனை பையன்களைத் தூக்கினார்கள் என்று நம் கம்பத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜூலையில் அதே சட்டத்தில் உள்ளே வைத்தது யாரை? நம் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினரை, டாக்டர் ஜெயக்குமாரை. ரத்து செய்திருக்க வேண்டிய அவை செய்யவில்லை, அந்த அவையின் உறுப்பினரே உள்ளே போனார்.

லயத்துப்பையன் எழுதியது:

கைப்பேசி பிளான் மாதிரி. நாமே போய் நிறுத்தச் சொல்லாவிட்டால் மாசாமாசம் தானாகப் பிடிச்சுக்கிட்டே இருப்பான்.

2021 ஞாபகம் இருக்கா? ஜனவரி 12-இல் கோவிட் அவசரகாலம், நாடாளுமன்றமும் மூடியாச்சு. எங்க ஃபேக்டரி மட்டும் திறந்தே இருந்தது, ஹாஸ்டல்ல வரிசையா ஆளுக்குக் காய்ச்சல். கேள்வி கேட்க வேண்டிய இடம் பூட்டி, வேலை செய்ற இடம் திறந்து. ஜூலை 26-இல் அவை கூடியதும் அமைச்சர் எழுந்து, அவசரச் சட்டமெல்லாம் 21-ஆம் தேதியே ரத்து பண்ணியாச்சுன்னார். மூணு நாள் கழிச்சு அரண்மனை, மாமன்னர் இன்னும் ஒப்புதல் தரலைன்னு அறிக்கை விட்டது. விவாதம் எங்கே நடந்தது? எங்கேயும் இல்லை.

செம்பனை எழுதியது:

அதற்கு முந்தைய அக்டோபரில் பிரதமர் கேட்டபோது மாமன்னர் மறுத்தார், அதையும் எழுது தம்பி. தடை என்பது நாடாளுமன்றத்தில் மட்டுமே இருப்பதில்லை.

வழக்குமன்றம் எழுதியது:

உண்மை அண்ணே, 2020 அக்டோபர் 25. ஆனால் ஜனவரியில் கொடுத்தார். ஒரு மனிதரின் முடிவை இன்னொரு மனிதர் தடுப்பது, அவரவர் குணத்தைப் பொறுத்தது. அடுத்து வருகிறவர் எப்படி என்று யாருக்குத் தெரியும்?

வெண்பலகை எழுதியது:

தங்கச்சியின் வாதத்தில் எனக்கு ஓர் உறுத்தல். சும்மா இருந்தால் சாக வேண்டும் என்று விதியை மாற்றிவிட்டால் போதுமா? இலங்கையைப் பாருங்கள். அங்கே அவசரகாலத்தை மாதாமாதம் நாடாளுமன்றம் நீட்டிக்க வேண்டும், இல்லாவிட்டால் காலாவதி. நீங்கள் கேட்பது அப்படியே இருந்தது. 1983 முதல் 2011 வரை, நடுவில் சில இடைவெளிகள் தவிர, மாதாமாதம் கை தூக்கினார்கள். கை தூக்குவது சடங்காகிவிட்டது. அந்தச் சடங்குக்குக் கீழேதான் முள்ளிவாய்க்கால் வரைக்கும் எல்லாமே நடந்தது.

ஜெர்மனி வேறு மாதிரி. 1994-இல் அரசமைப்பு நீதிமன்றம், ஆயுதப் படையை வெளிநாட்டுக்கு அனுப்ப முன்கூட்டியே நாடாளுமன்றம் சம்மதிக்க வேண்டும் என்றது. 2005-இல் அதைத் தனிச் சட்டமாக்கினார்கள். எத்தனை பேர், எங்கே, எவ்வளவு நாள், எவ்வளவு செலவு என்று அரசு எழுதிக் கொடுக்க வேண்டும். சின்ன அனுப்புதல் என்றால் ஏழு நாளில் போதிய உறுப்பினர்கள் மறுப்பு எழுப்பாவிட்டால் சம்மதம் என்று வைத்திருக்கிறார்கள். ஆக, அங்கேயும் சின்ன விஷயத்தில் மௌனம் சம்மதம்தான். ஆபத்து அவசரமாக இருந்தால் முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு கேட்கலாம், அவை மறுத்தால் திரும்ப வர வேண்டும். செம்பனை அண்ணன் கவலைப்பட்ட வேகத்துக்கு வழி இருக்கிறது.

ஆனால் ஜெர்மனிக்குப் பின்னால் இரண்டு உலகப் போரின் சாம்பல் இருக்கிறது. விதி மட்டும் வேலை செய்யவில்லை, பயம் சேர்ந்து வேலை செய்கிறது. அந்தப் பயத்தை எப்படிச் சட்டமாக எழுதுவது, எனக்குத் தெரியவில்லை.

செம்பனை எழுதியது:

இதைத்தான் நான் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். 2003 மார்ச் 18 அன்று லண்டனில் ஈராக் போருக்கு வாக்கெடுப்பு நடந்தது, 412-149. வாக்கெடுத்துத்தான் அந்தத் தப்பான போருக்குப் போனார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குக் காரணமானவர்கள் மேல் படையை ஏவ அனுமதி தரும் தீர்மானத்துக்கு அமெரிக்கக் கீழவையில் 420-1. அந்த அறுபது வார்த்தைத் தீர்மானத்தை வைத்துக்கொண்டு இருபது வருஷம் எத்தனை நாட்டில் சண்டை போட்டார்கள். கொறடா சொன்னால் கை தூக்குகிற அவைக்கு அதிகாரம் கொடுத்து என்ன பயன்? முத்திரை குத்துகிற ஆளைக் கூட்டியது தவிர?

கித்தாக்காடு எழுதியது:

அந்த 420-1-இல் ஒன்று யார் தம்பி? பார்பரா லீ. அந்தத் தீர்மானம் எதற்கெல்லாம் பயன்படும் என்று அன்றைக்கே எச்சரித்தார். திட்டினார்கள், மிரட்டல் வந்தது, பாதுகாப்புக்குப் போலீஸ் போட்டார்கள். ஆனால் எழுந்து சொல்ல ஓர் இடம் இருந்தது, எழுதி வைக்க ஒரு புத்தகம் இருந்தது. அவசரகாலத்தில் எங்கள் லயத்து வாசலில் அம்மாவின் முந்தானையை உதறச் சொன்ன விதிக்கு எதிராகக் கை தூக்கியவர் யார், ஆதரித்தவர் யார் என்று தேடிப் பாருங்கள். பெயரே கிடையாது. விதியின் கீழே ஒரு பதவியின் கையெழுத்து.

நான் நாற்பது வருஷம் செக்ரோல், அதாவது தோட்டத்து வருகைப் பதிவேடு, எழுதியவன். யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்குப் பாதி நாள் என்று பெயர் பெயராக எழுதினால்தான் பின்னால் ஒருத்தன் ஏமாற்ற முடியாது. ஈராக்குக்குக் கை தூக்கியவர்கள் அந்த வாக்கைச் சுமந்துகொண்டுதான் அடுத்த தேர்தலுக்குப் போனார்கள். பத்து வருஷம் கழித்து 2013 ஆகஸ்டில் சிரியாவுக்குப் போகலாமா என்று கேட்டபோது அதே அவை 285-272 என்று மறுத்தது. பிரதமர் கேமரன் போகவில்லை. ஈராக்கின் சூடு இல்லாவிட்டால் அப்படி நடந்திருக்குமா?

வழக்குமன்றம் எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்று: 2018 ஏப்ரலில் அப்போதைய பிரதமர் தெரசா மே அவையைக் கேட்காமலே சிரியாவில் குண்டு போட்டார். ஏனென்றால் பிரிட்டனில் அது வழக்கம் மட்டும்தான், சட்டம் இல்லை. வழக்கம் ஐந்து வருஷம்கூடத் தாங்கவில்லை.

செம்பனை எழுதியது:

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். பணத்தை நிறுத்தினால் போர் நிற்கும். 1993 அக்டோபரில் மொகடிஷுவில் அமெரிக்க வீரர்கள் மாட்டிக்கொண்டபோது மீட்கப் போனது நம் மலேசியக் கவச வண்டிகளும்தான், பலருக்குத் தெரியாது. நம் ஆள் ஒருவர் செத்தார், பலருக்குக் காயம். போய் வந்த என் சகாக்கள் இன்னும் ராத்திரியில் தூக்கத்தில் கத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கப்புறம் அமெரிக்கக் காங்கிரஸ், 1994 மார்ச் 31-க்கு மேல் சோமாலியச் சண்டைக்குக் காசு கிடையாது என்று ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. படை கிளம்பியது. 60 நாள் சட்டத்தை மதிக்காதவர்கள் கணக்குப் புத்தகத்தை மதித்தார்கள்.

ஆனால் காசை நிறுத்துவதிலும் ஒன்று இருக்கிறது. காட்டில் நிற்கிறவனுக்கு ரேஷன் நிறுத்தினேன் என்று ஊருக்குள் வந்து சொல்ல எந்த அரசியல்வாதிக்கும் துணிச்சல் வராது. அதனால்தான் நிறுத்துகிறபோது பெரும்பாலும் போரே முடிகிற கட்டம் வந்திருக்கும்.

சிப்புட்வாசி எழுதியது:

இழை நீண்டுவிட்டது, எனக்குப் பதிலும் கிடைத்துவிட்டது. ஒரு யோசனை. 150-ஆம் விதியை 1957-இல் இருந்தபடி திருப்பிக் கொண்டுவரச் சொல்லி நம் தொகுதி அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுக்கலாமா? அதோடு, ஐ.நா. படையாக இருந்தாலும் வெளிநாட்டுக்கு அனுப்பினால் அவையில் அறிக்கையும் விவாதமும் வேண்டும் என்று இரண்டாவது கோரிக்கை. அரசமைப்புத் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு, 148 பேர் வேண்டும் என்று தெரியும். கடிதம் கொடுக்க ஒருத்தர் போதும்.

லயத்துப்பையன் எழுதியது:

நான் ரெடி. ஆனா ஞாயிறு மட்டும்தான் ஊர்ல இருப்பேன்.

வெண்பலகை எழுதியது:

நான் சேர்கிறேன். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் பெயர் சொல்லி வாக்கெடுப்பு, குரல் வாக்கு கூடாது என்று ஒரு வரி சேருங்கள். இலங்கைக் கதை இங்கே வேண்டாம்.

செம்பனை எழுதியது:

கெடு இரண்டு மாதம் என்றால் கையெழுத்துப் போடுகிறேன். யாராவது இரண்டு வாரம் என்று மாற்றினால் என் பெயரை எடுத்துவிடுங்கள். சபாவிலும் சரவாக்கிலும் ஒரு நடவடிக்கையை ஏற்பாடு செய்து முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

வழக்குமன்றம் எழுதியது:

1957-இல் இருந்ததே இரண்டு மாதம்தான் அண்ணே, அதையே போடுவோம். அவசரச் சட்டங்களுக்கு அன்றைக்கு அவை கூடியதிலிருந்து 15 நாள் கெடு இருந்தது. அதையும் சேர்த்து மலாயில் நான் எழுதித் தருகிறேன், வெள்ளிக்கிழமைக்குள்.

கித்தாக்காடு எழுதியது:

எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு தங்கச்சி, எழுத்துப் பெரிதாக. கையெழுத்து வாங்க லயத்துப் பக்கம் நான் போகிறேன், அங்கே இப்போது பாதிப் பேர் வங்காளதேசத்துப் பையன்கள், மீதியிருக்கிற பழைய ஆட்களை எனக்குத்தான் வீடு தெரியும்.